கொழுந்தன்ரியின் விலாசம்

கொழுந்தன்ரியின் வீட்டு வாசலில் செருப்பு இருக்காது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே அமுங்கிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடு அது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கதவுக்குப் பின்னால் ஓர் அலுமாரி இருக்கிறது. அதற்குள் வைத்துச் சாத்த வேண்டும். களவுக்குப் பயந்து அப்படிச் செய்வதாகப் புதிதாய் வருகிறவர்கள் நினைப்பார்கள். காரணம் அதுவல்ல. வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினால் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் எல்லாமே அந்தக் கணக்கை மறைப்பதற்காகத்தான் நடந்தது. முன்பக்கக் கொடியில் அன்ரியின் சேலை மட்டும் காயும். மற்றவர்களின் உடுப்புக் குளியலறைக்குப் பின்னால். சாப்பாட்டுப் பார்சல் சுற்றி வந்த தாள்களை ஒரே நாளில் குப்பையில் போடமாட்டார். தொலைபேசியில் எவருடைய பெயரையும் சொல்லமாட்டார். "வவுனியாக்காரர்", "எங்கட ரீச்சர்", "அந்தக் கண்ணாடிக்காரப் பெடியன்" என்றுதான் கதைப்பார்.

முழுப்பெயர் சிவக்கொழுந்து. காரைநகரில் பிறந்து, கலியாணம் செய்து கொழும்புக்கு வந்தவர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இணைப்பாளராக ஓய்வுபெறும் வரை வேலை செய்தார். மற்றவர்களின் பேச்சைக் கேட்காததுபோல இருந்து கேட்பது அந்த வேலையில் பழகியது. கணவர் வெள்ளனவே மாரடைப்பில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பிறகு அறைகளை வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங்காகக் கொடுத்து வாழ்ந்துகொண்டிருக்கிறார். என் அம்மாவுடன் ஒரே வகுப்பில் படித்தவர் என்பதால், பேர்மிங்ஹாமிலிருந்து நான் வரும்போதெல்லாம் முன்னறை எனக்கு. இந்த வருடம் ஒரு காணி அலுவலாக வந்து அந்த அறையில் தங்கியிருந்தபோதுதான் கிளறன்ஸ் வந்தார்.

ஒல்லியான மனிதர், கழுத்தில் அட்டை, கையில் ஒரு டெப் கணினி. கதவைத் தட்டவில்லை, படலையில் நின்று தன் டெப்பையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அதுவே அன்ரிக்குப் பிடிக்கவில்லை. யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிக் கேட்டார்.

"ஆரது?"

"சுகாதாரப் பகுதி, ஆன்ட்டி. பி.எச்.ஐ. கிளறன்ஸ்."

"அட்டையைத் தாரும் பாப்பம்."

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றிருந்த அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "போனில ஒரு படம் எடு" என்றார். யன்னலுக்குப் பின்னால் நின்று அந்த மனிதரையே நான் ஏற்கெனவே படம் எடுத்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

கிளறன்ஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சுகாதாரப் பகுதி பரீட்சார்த்தமாகக் காய்ச்சல் வரைபடம் ஒன்று தொடங்கியிருக்கிறது. டெங்கு என்று உறுதியான நோயாளியின் அடையாள அட்டையை ஆஸ்பத்திரியிலோ இரத்தப் பரிசோதனை நிலையத்திலோ ஒரு கருவியில் காட்டுவார்கள். அட்டையில் உள்ள விலாசம் உடனே வரைபடத்தில் ஏறும். காய்ச்சல் இல்லாத வீடு பச்சை. ஒன்றோ இரண்டோ என்றால் மஞ்சள். ஒரு மாதத்துக்குள் மூன்று என்றால் சிவப்பு. முன்பு போல வீடு வீடாகத் திரியத் தேவையில்லை; சிவப்புள்ள இடத்துக்கு நேரே போய் நுளம்பைப் பிடிக்கலாம்.

"உங்கட வீடு சிவப்பு, ஆன்ட்டி."

"இஞ்ச ஒருத்தருக்கும் தடிமன்கூட இல்லை."

"டெப் அப்படிச் சொல்லுதில்லையே. மூணு பேருக்குக் காய்ச்சல்."

அவரை உள்ளே விட்டோம். செருப்பைக் கையில் எடுத்து வரச் சொன்னதும் ஒரு மாதிரிப் பார்த்தார். கூரைப் பீலி, பூச்சாடி, மலசலகூடத் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு என்று எல்லா இடமும் டோர்ச் அடித்துப் பார்த்தார். குடம்பி, நுளம்புப் புழு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இந்த வீட்டுக்கு நுளம்பு வந்தா பட்டினியில செத்திடும், ஆன்ட்டி."

"அப்ப பச்சையைப் போட்டிட்டுப் போம்."

"நான் போட ஏலாது. கலர் தானா வாறது."

"தானா வாறதெண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. ஆரோ அனுப்பினாத்தான் வரும். ஆர் அனுப்பினது?"

கிளறன்ஸுக்குத் தெரியாது. அவருடைய டெப்பில் பெயர் வராது. வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும்தான் வரும். அதையும் அவர் காட்டவில்லை. மாதமுடிவில் அடுத்த சுற்று. அப்போதும் சிவப்பாக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகும், போர்டிங்கை மூட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது மாடிப்படியைப் பார்த்தார். படியில் உஷாந்தி நின்றாள்.

உஷாந்தி ஒரு வங்கியில் வேலை செய்யும் பிள்ளை, மேலறையில் போர்டிங். அன்று பின்னேரமே அவளுடைய தாய் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்துவிட்டார். வரைபடம் எல்லாருக்கும் திறந்தது. போனில் தரவிறக்கினால் எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்ன நிறம் என்று யாரும் பார்க்கலாம். மகள் இருக்கும் வீடு சிவப்பாக மினுங்குவதை அந்தத் தாய் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்துகொண்டு பார்த்திருக்கிறார்.

"மாதம் முடியட்டும் அன்ரி, பாப்பம் எண்டு அம்மா சொல்லுறா" என்றாள் உஷாந்தி. அவள் போனால் மற்றப் பிள்ளைகளும் போவார்கள். போர்டிங் இல்லாமல் அந்த வீட்டு வாடகையைக் கட்ட அன்ரியால் முடியாது. வாடகைக்கு இருப்பவர் போய்விட்டால் அந்த நிலம் இன்னோர் அடுக்குமாடி.

அன்ரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ஃபேனைக் கூட்டி வைத்தார். முக்கியமான எதையும் ஃபேன் சத்தத்துக்குள்தான் சொல்வார்.

"சப்ரிதான்" என்றார்.

சப்ரி வீட்டுச் சொந்தக்காரர். கொம்பனித்தெருவில் பெயின்ற் கடை வைத்திருக்கிறார். அவருடைய வாப்பா அலவி ஹாஜியாரிடம்தான் அன்ரியும் கணவரும் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஹாஜியார் காலமான பிறகு, மாடி கட்டுகிறவர்கள் இரண்டு மூன்று தரம் வந்து நிலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஆரையோ பிடிச்சு மூண்டு காய்ச்சலை இந்த விலாசத்துக்கு ஏத்தியிருக்கிறான். என்னை வீட்டை விட்டு எழுப்பக் கோட்டுக்குப் போனா வருசக்கணக்கு. இது பார், ஒரு மாதம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு செயலி வந்தால், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அமத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். இங்கே விமானத்திலிருந்து இறங்கியவுடன் கடவுச்சீட்டு வைத்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில் சப்ரி, கிளறன்ஸ், பக்கத்து மாடிக் காவலாளி, உஷாந்தியின் தாய் என்று எல்லாருமே எனக்குச் சந்தேகமாக இருந்தார்கள்.

சப்ரி மறுநாள் தானாகவே வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார். வாப்பாவோடு வந்து பழகிய வழக்கம். ஆனால் முகம் கறுத்திருந்தது.

"என்ன ஆன்ட்டி இது? வீட்டச் சத்திரமாக்கி வெச்சீக்கீங்களா?"

"ஆர் சொன்னது?"

"எனக்கி மெசேஜ் வந்தீக்கி. ஊட்டுச் சொந்தக்காரருக்குத் தனியாக் காட்டும். பாருங்க, இந்த விலாசத்துல பதினாலு பேரு ஈக்காங்களாம்."

நான் மனதுக்குள் எண்ணினேன். அன்ரி, மூன்று போர்டிங் பிள்ளைகள். என்னைச் சேர்த்தாலும் ஐந்து.

"என்னை எழுப்பிறதுக்கு நீர் செய்த வேலையெண்டு நான் நினைச்சன்" என்றார் அன்ரி, மறைக்காமல்.

சப்ரி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "வாப்பா மவுத்தாகப் போற நேரம் சென்ன ஒரே விஷயம், அந்த ஆன்ட்டிய எழுப்பாதேண்டு. மாடி கட்டுறவங்க வந்தாங்க, நெசம். நான் இல்லண்டு செல்லி அனுப்பினேன். நீங்க என்னடாண்டா எனக்குத் தெரியாம ஊடு நெறைய ஆள வெச்சீக்கீங்க. ஒரு நோட்டீஸ் வந்தா எனக்கித்தான் வழக்கு. அப்ப நான் என்னத்தச் செய்ய?"

போனை மேசையில் வைத்துத் திருப்பினார். காய்ச்சல்காரர் மூவரும் அதில் இருந்தார்கள். ஆண், இருபத்துநாலு. பெண், நாற்பத்தொன்று. ஆண், அறுபத்துமூன்று.

அன்ரி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். அது அழுக்காக இருக்கவில்லை. சப்ரியிடம், "மாதமுடிவுக்குள்ள நான் பாக்கிறன், தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் நம்பாத முகத்தோடு எழுந்து, அலுமாரியைத் திறந்து, அதற்குள் இருந்த செருப்புகளை ஒருதரம் கண்ணால் எண்ணிவிட்டுப் போனார்.

ஃபேன் மறுபடியும் கூடியது.

"மூண்டும் எங்கட ஆக்கள்தான்" என்றார் அன்ரி.

வடக்கு விலாசம் போட்ட அடையாள அட்டையோடு கொழும்பில் நடக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையைப் பார்த்ததும் தனியே கூப்பிட்டு இருத்திவிடுவார்கள். கொழும்பு விலாசம் என்றால் கொஞ்சம் தப்பலாம். அதற்கு, இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று ஒரு வீட்டுக்காரர் கிராம சேவகரிடம் வந்து சொல்ல வேண்டும். அன்ரி சொன்னார். உறவினர்களுக்காகச் சொன்னார், பிறகு அந்த உறவினர்களுக்குத் தெரிந்தவர்களுக்காகவும் சொன்னார். அவர்கள் ஒரு வாரமோ ஒரு மாதமோ அந்த வீட்டில் தங்கிவிட்டு எங்கெங்கோ போனார்கள். விலாசம் மட்டும் போகவில்லை. சண்டை முடிந்த பிறகும் பள்ளிக்கூட அனுமதி, வேலை, வெளிநாட்டு அலுவல் என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். கொழும்பு விலாசம் இருந்தால் நல்லது, அன்ரி என்பார்கள். அவரும் ஓம் என்பார். என்னுடைய பழைய அட்டையிலும் அந்த விலாசம்தான். அந்தப் பதினாலு பேரில் நானும் ஒருவன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர்களில் மூன்று பேருக்கு மூன்று ஊர்களில் காய்ச்சல் வந்திருக்கிறது. மூவரும் பிழையொன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், அட்டையை நீட்டினார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று வரைபடம் பார்ப்பதில்லை. அது விலாசத்தை மட்டும் பார்க்கிறது.

அன்ரி உறுதிப்படுத்த விரும்பினார். வவுனியாவுக்குப் போன் எடுத்தார். வரதராசா என்ற பழைய தபால் உத்தியோகத்தரின் வீடு அது.

"வவுனியாக்காரருக்கு உடம்பு எப்பிடி?"

மறுபக்கத்தில் அவருடைய மனைவி. "ஆர், இவரோ? படுத்தெழும்பினவர் அக்கா. பிளேற்லெட் இறங்கி, பப்பாசி இலைச்சாறு குடுத்து ஒரு மாதிரிக் காப்பாத்தினது. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. கனவில வந்தவர்."

"உங்கட கனவிலயோ? இருங்கோ, வரட்டும், கேக்கிறன்."

அன்ரி சிரிக்காமல் வைத்துவிட்டார். அடுத்தது "எங்கட ரீச்சர்", கொலன்னாவையில் குடியிருக்கும் தாரிகா. அவருக்கும் காய்ச்சல்தான், இப்போது மாறிவிட்டது. மூன்றாவது ஆள் கண்ணாடிக்காரப் பெடியன் அபிஷன். அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

"பேசாமல் கிளறன்ஸிடம் உண்மையைச் சொல்லலாமே அன்ரி" என்றேன். "இவை ஒருதரும் இஞ்ச இல்லை, விலாசம் மட்டும்தான் எண்டு. அழிச்சுவிடுவார். வீடு பச்சையாகும்."

"இஞ்ச இல்லையெண்டு சொல்லச் சொல்லுறாய்."

"உண்மைதானே?"

"முந்தி பின் ஒழுங்கையில ஒரு மனுசி இருந்தா. நல்ல மனுசி. ஒருநாள் விடியப் பொலிஸ் வந்து, இந்தப் பெடியன் இஞ்சயோ இருக்கிறான் எண்டு கேட்டவங்கள். அவ உண்மையைச் சொன்னா, இல்லையெண்டு. பெடியன் சாவடியில, அந்த வீட்டிலதான் இருக்கிறனெண்டு சொல்லியிருக்கிறான். ரெண்டு கதையும் ஒத்துவரேல்லை. அவன் சிறையால வெளிய வர ஒண்டரை வருசம்." ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரியில குடுத்த விலாசம் எனக்கு முன்னால வந்து நிக்குது. நான் சொல்லுறது எங்க போய் நிக்குமெண்டு உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

அபிஷனைத் தேடி ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வழியில் அன்ரி ஓட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லாமல், "இன்னும் கொஞ்சம்", "இதால திருப்பும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ஓட்டோக்காரர் கடைசியில், "அம்மா, போற இடம் உங்களுக்குத் தெரியுமா, இல்ல நாம சும்மா சுத்துறமா?" என்று கேட்டார்.

பழைய கட்டடமொன்றின் மேல்மாடி. ஒரு பெரிய அறையைப் பலகையால் தடுத்துக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களில் வேலை செய்கிறவர்கள் பகல் ஒரு கூட்டம், இரவு ஒரு கூட்டமாக அதே கட்டில்களில் படுப்பது. அபிஷன் சுவரோடு சாய்ந்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது; முகம் மட்டும் பழுத்த இலை மாதிரி.

"அன்ரி? நீங்க ஏன் இஞ்ச?"

"உனக்கு வந்த காய்ச்சல் எங்கட வீட்டில வந்து நிக்குது. அதைத் திருப்பித் தர வந்தனான்."

கதையைச் சொன்னதும் அவன் எழுந்து உட்கார்ந்தான். "அன்ரி, நான் இஞ்ச இருக்கிறனெண்டு சொல்லிப்போடாதேங்கோ. இந்த அறைக்கு ஒரு பதிவும் இல்லை. ஆராவது வந்து பாத்தா எல்லாரையும் கலைச்சுவிடுவாங்கள். மற்றது, ருமேனியா வேலைக்குப் பொலிஸ் றிப்போட் கேட்டிருக்கிறன். உங்கட விலாசம்தான் குடுத்தனான். வந்து கேட்டா, இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

"பொலிஸ் கேட்டா எங்கட வீட்டில இருக்கிறாய். நுளம்பு கடிச்சா இஞ்ச இருக்கிறாய். நல்ல பிழைப்பு."

அன்ரி எழுந்து, கிளறன்ஸ் எங்கள் வீட்டில் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். என் போனை வாங்கி டோர்ச் போட்டு யன்னலுக்கு வெளியே பீலியைப் பார்த்தார். கூரைத்தகரத்தில் விரித்திருந்த தரப்பாளை இழுக்கச் சொன்னார். அங்கே நின்ற சிலர் சிரித்தார்கள்.

"பி.எச்.ஐ. ஆன்ட்டி, ஃபைன் போடுவீங்களா?"

"வாயை மூடிக்கொண்டு இந்தப் பிரிட்ஜை இழும்."

எல்லாருக்கும் பொதுவான பழைய பிரிட்ஜ் ஒன்று. இழுத்தார்கள். அதன் பின்னால் கீழே தண்ணீர் வடிந்து நிற்கும் தட்டு. வெளிச்சம் பட்டதும் அந்தத் தண்ணீர் முழுவதும் துடித்தது. கமா கமாவாகக் குடம்பிகள். சிரிப்பு நின்றது. அபிஷனுடைய கட்டில் அதற்கு நேர் எதிரே இருந்தது.

தட்டை அன்ரியே கழற்றிக் கொண்டுபோய் வெயில் கொளுத்தும் மொட்டைமாடித் தளத்தில் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்று காய்கிறதா என்று பார்த்தார். அங்கிருந்து சுற்றிவரத் தெரிந்த கூரைகளில் தரப்பாள்களும் தகரங்களும் உடைந்த தொட்டிகளும் நிறையக் கிடந்தன.

திரும்பி வரும் வழியில் எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. காய்ச்சல் வந்த வீடு வரைபடத்தில் பச்சையாக இருக்கிறது. பட்டினியில் நுளம்பு சாகும் வீடு சிவப்பாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரே வழி அன்ரி வாயைத் திறப்பது. திறந்தால் அந்தக் கட்டில்களில் படுப்பவர்கள் தெருவில், அபிஷனின் ருமேனியா அதோடு சரி.

மாதமுடிவில் கிளறன்ஸ் வந்தார். இந்தமுறை கேட்காமலே செருப்பைக் கையில் எடுத்தார். வீட்டை மறுபடி பார்த்தார், ஒன்றுமில்லை. மேசையில் உட்கார்ந்து டெப்பைத் திறந்தார். உஷாந்தி படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பெட்டி அடுக்கியபடி மேலே இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"மூணு பேரையும் பத்தி ஒரு கேள்விதான், ஆன்ட்டி. நீங்க சொல்ற பதிலைத்தான் நான் அமத்துவேன்."

"என்னென்ன பதில் இருக்கெண்டு முதல் வாசியும்."

"இந்த விலாசத்தில் இருக்கிறார். இருந்துவிட்டுப் போய்விட்டார். ஒருபோதும் இருந்ததில்லை."

"கடைசியை அமத்தினா ஆருக்குப் போகும்?"

"சுகாதாரத்துக்கு மட்டும்தான்."

"மட்டுமெண்டு ஆர் சொன்னது?"

"மீட்டிங்ல சொன்னாங்க."

"எங்களுக்கும் முந்தி மீட்டிங் வைச்சுத்தான் சொன்னவை."

கிளறன்ஸ் டெப்பைப் பார்த்தார். "உண்மையச் சொன்னா, அந்தப் பட்டனை நான் இன்னும் அமத்தினதே இல்ல. அமத்தினா என்ன வருமெண்டு எனக்கும் தெரியாது."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அன்ரியின் குரல் கொஞ்சம் இளகியது. "அப்ப அறுபத்துமூண்டு வயசுக்காரர் இருந்திட்டுப் போயிட்டார். அந்த நாப்பத்தொரு வயசுப் பொம்பிளையும் போயிட்டா."

கிளறன்ஸ் அமத்தினார். அது அடுத்த கேள்வியைக் கேட்டது. எங்கே போனார்? மாவட்டங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. வவுனியா என்றால், ஏன் இன்னும் அட்டையில் கொழும்பு விலாசம் என்று யாரோ ஒருநாள் கேட்கலாம். நான் எட்டிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் இன்னொன்று இருந்தது.

"வெளிநாடு" என்றேன்.

கிளறன்ஸ் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருமா? போன மாசம் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில இருந்தவங்க?"

"மாறினாப் பிறகு போனவை" என்றார் அன்ரி.

அவர் பெருமூச்சு விட்டு இரண்டு தரம் அமத்தினார். டெப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வேற ஊர் போட்டா சாட்சி கேக்கும், பழைய விலாசம் கேக்கும்," என்றார் கிளறன்ஸ். "வெள்ளவத்தையில இருந்து வெளிநாடெண்டா அப்படியே எடுத்துக்குது."

"பெடியன் இஞ்சதான் இருக்கிறான்."

"இருபத்துநாலு வயசுக்காரரா? எங்க, காணலியே."

"வேலைக்குப் போயிட்டான்."

கிளறன்ஸ் வீட்டைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். ஆம்பிளையின் உடுப்போ சப்பாத்தோ எங்கும் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த வீட்டில் எவருடையதும்தான் வெளியே தெரிவதில்லை. அமத்தினார். ஒரே ஒரு காய்ச்சல் மிஞ்சியது. நிறம் மாறியதைக் காட்டினார்: மஞ்சள். வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், நோட்டீஸ் இல்லை. படியில் நின்ற உஷாந்தி போனை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

கிளறன்ஸ் எழும்பவில்லை. "ஆன்ட்டி, உங்களுக்கு வேலை முடிஞ்சுது. எனக்கு முடியல. அந்தப் பையன இந்த வீட்டு நுளம்பு கடிக்கல. எங்கயோ கடிச்சிருக்கு. அங்க இன்னும் ஆள்கள் படுத்திருக்காங்க. நான் இங்க வாராவாரம் வந்து உங்கட பூச்சாடியப் பாத்து என்ன பிரயோசனம்?"

அன்ரி கையை நீட்டி அந்த டெப்பை எடுத்தார். கிளறன்ஸ் தடுக்கவில்லை. அதைக் கொண்டுபோய்ச் செருப்பு அலுமாரியில், என்னுடைய சப்பாத்துக்கு மேல் வைத்து, கதவைச் சாத்தினார். வந்து ஃபேனைக் கூட்டினார்.

"கொட்டாஞ்சேனை. கோயில் பக்கம்."

"எந்தக் கோயில், ஆன்ட்டி? எங்கட பக்கம் தடுக்கி விழுந்தா கோயில்."

"எல்லாக் கோயிலும்தான். ஒரு வீட்டைப் பாக்கக் கூடாது, தெரு முழுக்கப் பாக்க வேணும். மொட்டைமாடியள், பிரிட்ஜுக்குப் பின்னால. கொலன்னாவையில எண்ணெய்த் தாங்கியளுக்குப் பக்கத்துக் குடியிருப்பும். ஆர் இருக்கினமெண்டு கேக்கக் கூடாது. ஆர் சொன்னதெண்டும் சொல்லக் கூடாது."

"சிவப்பு இல்லாத தெருவுக்கு எனக்கு வாகனம் தரமாட்டாங்க."

"அது உம்மட பாடு."

கிளறன்ஸ் கதிரையைப் பின்னால் தள்ளினார். "கொலன்னாவைக்கு ஆளத் தேடணும். கொட்டாஞ்சேனை என்ட ஊர்தான். அங்க போறதுக்கு எனக்கு வாகனம் தேவையில்ல." எழுந்து, தானே அலுமாரியைத் திறந்து, முதலில் டெப்பையும் பிறகு செருப்பையும் எடுத்தார்.

அவர் படலையைத் தாண்டியதும் அன்ரி என்னிடம் கேட்டார், "உண்மையா மூடித்தானே கிடந்தது? மூடினாலும் கேக்குமோ உது?" கேட்காது என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது.

சில நாள் கழித்து அபிஷன் போன் எடுத்தான். ஒல்லியான ஒருவர் சேர்ட்டை வெளியே விட்டபடி வந்து, தெருவில் உள்ள வீடு வீடாகப் பிரிட்ஜை இழுத்துப் பார்த்தாராம். பெயர் கேட்கவில்லையாம், ஒன்றும் எழுதவும் இல்லையாம். "எழுதாமல் போனது நல்லதுக்கோ கெட்டதுக்கோ தெரியாது," என்றார் அன்ரி. "நீ அறையை மாத்து." சப்ரி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: பதினாலு பன்னிரண்டாகிவிட்டது, மற்றவர்களையும் மெல்ல மெல்ல வெளிநாடு அனுப்புங்கள் என்று.

நான் புறப்பட்ட அன்று விமான நிலைய வாகனம் வந்து நின்றது. அலுமாரியிலிருந்து சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அன்ரி பின்னால் வந்தார்.

"உன்ர பழைய அடையாள அட்டை இப்பவும் கிடக்கோ?"

"ஓம் அன்ரி. வீட்டில, மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

"கிடக்கட்டும். எறியாத." தெருவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா காய்ச்சல் வந்தா அதைக் காட்டிப்போடாத."

வாகனத்தில் ஏறி உட்கார்ந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கடவுச்சீட்டுப் பையைத் தொட்டேன்.